எல் கபித்தான்: ஒரு கருங்கல் சுவரின் வரலாறு

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சியெரா நெவாடா மலைத்தொடரின் மேற்குச் சரிவில் யோசெமிட்டி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது. ஏறக்குறைய 7 மைல் நீளம், அதிகம் போனால் ஒரு மைல் அகலம். நடுவில் மெர்சேட் என்ற ஆறு ஓடுகிறது. மேற்கிலிருந்து உள்ளே நுழைபவர்களுக்கு இடது கைப்பக்கம், வடக்கு ஓரத்தில், செங்குத்தாக ஒரு பாறைச் சுவர் நிற்கும். அதுதான் எல் கபித்தான். அமெரிக்கர்கள் 'எல் காப்பிட்டன்' என்பார்கள். பாறை ஏறுபவர்கள் செல்லமாக 'எல் காப்' என்று சுருக்கிவிட்டார்கள். நான் ஸ்பானிய உச்சரிப்பை ஒட்டியே எழுதுகிறேன்.

அடிவாரத்திலிருந்து உச்சி வரை சுமார் 3,000 அடி, அதாவது 900 மீட்டருக்குச் சற்று மேல். பாரிஸிலுள்ள ஈஃபெல் கோபுரம் 330 மீட்டர். அப்படி மூன்று கோபுரங்களை ஒன்றன் மேல் ஒன்றாக இந்தச் சுவரை ஒட்டி நிறுத்தினால், மூன்றாவது கோபுரத்தின் நுனி மட்டும் மேலே எட்டிப் பார்க்கும். கடல் மட்டத்திலிருந்து உச்சியின் உயரம் 7,569 அடி.

இதைவிட உயரமான மலைகள் உலகத்தில் நூற்றுக்கணக்கில் உண்டு. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 40 லட்சம் பேர் வந்து போகும் இந்தத் தேசியப் பூங்காவில், இந்தப் பாறையின் முன்னால் வண்டியை நிறுத்தாமல் போகிறவர் அரிது. 2015இல் ஆப்பிள் நிறுவனம் தன் கணினி இயங்குதளத்துக்கு இந்தப் பெயரை வைத்தது. அந்த வகையில், கலிஃபோர்னியாவை வரைபடத்தில் காட்டத் தெரியாதவர் வீட்டு மேசைக்கும் இது வந்து சேர்ந்தது. இந்தப் பாறை எப்படி உண்டானது, பெயர் எப்படி வந்தது, மனிதர்கள் இதை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்தார்கள் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பாறை பிறந்த கதை

கருங்கல் என்று நாம் சொல்லும் கிரானைட், நெருப்பில் பிறந்த கல். ஆனால் எரிமலைக் குழம்பு போல வெளியே கொட்டி உறைந்ததல்ல. பூமிக்கு அடியில், பல கிலோமீட்டர் ஆழத்தில், உருகிய பாறைக் குழம்பு வெளியே வர வழியில்லாமல் தங்கி, மிக மெதுவாகக் குளிர்ந்து இறுகியது. மெதுவாகக் குளிர்ந்ததால்தான் அதிலுள்ள குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், அப்பிரகம் ஆகியவை கண்ணுக்குத் தெரியும் அளவு மணிமணியாக வளர்ந்திருக்கின்றன. சட்டென்று குளிர்ந்திருந்தால் இந்த மணிகள் தெரியாது.

இந்தக் குழம்பு எங்கிருந்து வந்தது? டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், பசிபிக் கடலடித் தட்டு ஒன்று வட அமெரிக்காவின் மேற்கு ஓரத்துக்குக் கீழே நழுவிப் போய்க்கொண்டிருந்தது. அந்த நழுவலினால் ஆழத்தில் பாறை உருகி மேலெழுந்தது. ஒரே தடவையில் அல்ல. லட்சக்கணக்கான ஆண்டுகள் இடைவெளி விட்டு, குழம்பு மேல் குழம்பாக வந்து ஒன்றை ஒன்று ஒட்டி இறுகியது. சியெரா நெவாடா முழுவதும் இப்படிப்பட்ட பல நூறு கருங்கல் திரள்களின் கூட்டு. அவற்றில் ஒன்றுக்கு இந்தப் பாறையின் பெயரையே வைத்து 'எல் கபித்தான் கிரானைட்' என்கிறார்கள். வயது ஏறத்தாழ 10 கோடியே 30 லட்சம் ஆண்டுகள். சுவரின் மேற்பகுதியில் அதைவிடச் சற்று இளைய டாஃப்ட் கிரானைட்டும் உண்டு.

சுவரின் கிழக்கு முகத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெளிர் நிறக் கருங்கல் இறுகிய பிறகு, அதன் வெடிப்புகளில் டயோரைட் என்ற கருநிறக் குழம்பு புகுந்து உறைந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கறுப்புத் திட்டு, வட அமெரிக்கக் கண்டத்தின் வரைபடம் மாதிரியே இருக்கும். அதனால் அந்தப் பகுதிக்கு 'வட அமெரிக்கச் சுவர்' என்றே பெயர்.

பிறகு கோடிக்கணக்கான ஆண்டுகள் மேலிருந்த பாறையும் மண்ணும் கரைந்து போயின. மலைத்தொடர் மேற்குப் பக்கம் சாய்ந்தபடி உயர்ந்தது. சரிவு கூடக் கூட மெர்சேட் ஆற்றின் வேகம் கூடியது. ஆறு ஆழமாக வெட்டியது. அதற்குப் பிறகு பனியாறுகள் வந்தன. சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வந்த பெரும் பனியாறு பள்ளத்தாக்கை ஏறக்குறைய விளிம்பு வரை நிரப்பியது. ஆறு வெட்டிய 'வி' வடிவப் பள்ளத்தை அகலப்படுத்தி, ஓரங்களைச் செங்குத்தாக்கியது அந்தப் பனிதான். கடைசியாக, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் உச்சத்தில் இருந்த பனியாறு அவ்வளவு பெரியதல்ல. அது பின்வாங்கியபோது பள்ளத்தாக்கில் ஓர் ஏரி தேங்கி, வண்டல் படிந்து, இன்றைய சமதளப் புல்வெளி உண்டாயிற்று. சில இடங்களில் அந்த வண்டல் 2,000 அடி வரை ஆழமானது. ஆக, இன்று நம் கண்ணுக்குத் தெரிவது முழுச் சுவர் அல்ல, மண்ணுக்கு மேலே நிற்கும் பாகம்தான்.

ஒரே பனிதான் எல்லாப் பாறைகளையும் உரசியது. மற்றவை உடைந்து சிதறியிருக்க, இது மட்டும் ஏன் இப்படி நிமிர்ந்து நிற்கிறது? விடை வெடிப்புகளில் இருக்கிறது. கருங்கல் திரளில் இயற்கையாகவே வெடிப்புக் கோடுகள் ஓடும். அவை நெருக்கமாக இருந்தால் பனியும் நீரும் உள்ளே புகுந்து கல்லைத் துண்டு துண்டாகப் பெயர்த்துவிடும். எல் கபித்தானில் அப்படிப்பட்ட வெடிப்புகள் மிகவும் குறைவு. பிடித்திழுக்க விளிம்பு கிடைக்காததால் பனி அதைச் சீவத்தான் முடிந்தது, பெயர்க்க முடியவில்லை.

மேய்ப்பனும் விஞ்ஞானியும்

மேலே எழுதியது இன்று பள்ளிப் பாடம். 150 ஆண்டுகளுக்கு முன் இதுவே பெரிய சச்சரவு.

கலிஃபோர்னியா மாநிலத்தின் அதிகாரபூர்வப் புவியியலாளர் ஜோசையா விட்னி. அமெரிக்காவின் உயர்ந்த சிகரங்களில் ஒன்றுக்கு அவர் பெயர் இருக்கிறது. பள்ளத்தாக்கின் அடித்தளம் ஒரு பேரழிவில் அப்படியே கீழே இறங்கிவிட்டது, அதனால்தான் ஓரங்கள் சுவராக நிற்கின்றன என்பது அவர் கருத்து. ஸ்காட்லாந்தில் பிறந்து அங்கே வந்து சேர்ந்த ஜான் மியூர் என்ற இளைஞர் ஆடு மேய்த்தவர், மர அறுவை ஆலையில் வேலை பார்த்தவர். அவர் மலை முழுக்க நடந்து, பாறைகளில் பனி உரசிய கோடுகளையும் மெருகையும் பார்த்து, இது பனியாற்றின் வேலை என்றார். 1871இல் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் கட்டுரையும் எழுதினார். விட்னி அவரை ஆடு மேய்ப்பவன் என்று ஒதுக்கித் தள்ளினார்.

1872 மார்ச்சில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கில் பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டது. அதன் அதிர்ச்சியில் யோசெமிட்டியிலும் நள்ளிரவில் பாறைகள் இடிந்து விழுந்தன. விட்னி சொன்னதை நம்பியவர்கள் அடித்தளம் மறுபடியும் இறங்கப் போகிறது என்று நடுங்கினார்கள். மியூரோ வீட்டை விட்டு ஓடி வந்து, நிலவொளியில் பாறைகள் விழும் காட்சியைப் பார்த்துப் பரவசப்பட்டார்.

இருவரில் யார் சொன்னது சரி என்பதை அளந்து தீர்த்தவர், ஆம்ஸ்டர்டாமில் பிறந்து அமெரிக்காவுக்குப் போன பிரான்சுவா மத்தேஸ். பள்ளத்தாக்கின் விரிவான நிலவரைபடத்தை முதலில் தயாரித்தவரும் அவரே. அமெரிக்கப் புவியியல் அளவைத் துறைக்காக அவர் எழுதிய அறிக்கை 1930இல் வெளிவந்தது. ஆறு முதலில் வெட்டியது, பனி பிறகு செதுக்கியது என்று அதில் நிறுவினார். மியூர் பனிக்குக் கொடுத்த பங்கு சற்று அதிகம், ஆனால் அடிப்படையில் ஆடு மேய்ப்பவர் சொன்னதே சரி. பட்டம் பதவியோடு வருகிற கருத்துக்குத்தான் கோப்பில் முதலிடம் கிடைக்கும் என்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் கோப்பு எப்போதும் மூடாமல் இருக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பெயர் வந்த விதம்

அந்தப் பள்ளத்தாக்கில் பல தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் அவானீச்சி மக்கள். பள்ளத்தாக்குக்கு அவர்கள் வைத்த பெயர் அவானி. திறந்த பெரிய வாய் போன்ற இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

1848இல் கலிஃபோர்னியாவில் தங்கம் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஆயிரக்கணக்கானோர் மலையடிவாரத்துக்குப் படையெடுத்தார்கள். பழங்குடியினரின் வேட்டை நிலமும் மீன் பிடிக்கும் ஆறும் பறிபோயின, மோதல்கள் வெடித்தன. மாநில அரசின் அனுமதியோடு 'மரிபோசா படைப்பிரிவு' என்ற தன்னார்வப் படை திரட்டப்பட்டது. அதன் தலைவர் ஜேம்ஸ் சாவேஜ், ஒரு வியாபாரி. பழங்குடியினரைப் பிடித்து ஒதுக்கு நிலங்களுக்குக் கொண்டுபோவதே படையின் வேலை. 1851 மார்ச் 27 அன்று அந்தப் படை பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது.

படையோடு போனவர்களில் ஒருவர் லஃபாயெத் பனல். மருத்துவம் தெரிந்தவர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்கு அந்த முதற்பெயர் உடனே உறைத்தது. அமெரிக்க விடுதலைப் போரில் உதவிய பிரெஞ்சுப் பிரபுவின் பெயரை அக்காலத்தில் பிள்ளைகளுக்கு வைப்பது அங்கே வழக்கம். அன்றிரவு கூடாரத் தீயைச் சுற்றி உட்கார்ந்து, இந்த இடத்துக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று பேசினார்கள். பனல் 'யோசெமிட்டி' என்ற பெயரை முன்மொழிந்தார். வாக்கெடுப்பில் அது நிறைவேறியது. அங்கே வாழும் இனத்தின் பெயர் அது, பெருங்கரடி என்று பொருள் என்பது அவர்கள் எண்ணம். அது பக்கத்துக் குழுக்கள் இவர்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல், 'கொல்பவர்கள்' என்று பொருள் என்பது பிற்கால மொழியறிஞர்களின் முடிவு. ஆக, ஓர் இனத்தை விரட்ட வந்தவர்கள், அந்த இனத்தை அஞ்சியவர்கள் வைத்த பெயரை அந்த இனத்தின் மண்ணுக்கே சூட்டிவிட்டார்கள்.

பாறையின் பெயரும் அப்போது மாறியதுதான். பழங்குடியினர் அதை அழைத்த பெயரை வெள்ளையர்கள் பலவிதமாக எழுதி வைத்திருக்கிறார்கள்: தொத்தோகொனூலா, தூதோக்கானூலா, இன்னும் சில. பாறைத் தலைவன் என்று பனல் பொருள் கொண்டார். அப்பகுதி 1848 வரை மெக்சிகோ நாட்டைச் சேர்ந்தது. பழங்குடியினர் சிலருக்கு ஸ்பானிய மொழி பழக்கம். பேச்சு வார்த்தையில் அந்த மொழியும் புழங்கியது. அதனால் தலைவன் என்பது 'எல் கபித்தான்' ஆகிவிட்டது.

இங்கே சொற்களைப் பற்றி நாலு வரி எழுத அனுமதியுங்கள். லத்தீனில் தலைக்குக் 'காப்புத்' என்று பெயர். அதிலிருந்து ஸ்பானியக் கபித்தான், பிரெஞ்சுக் கப்பித்தேன், ஆங்கிலக் கேப்டன் எல்லாம் வந்தன. பிரெஞ்சில் தலைவனைக் குறிக்கும் 'ஷெஃப்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். போர்ச்சுக்கீசியர் வழியாக நம் கடற்கரைக்கும் அது வந்து, கப்பல் தலைவனுக்குக் 'கப்பித்தான்' என்று தமிழ் அகராதியிலும் இடம்பிடித்தது. நாமோ தலையிலிருந்து தலைவன் என்ற சொல்லை நாமே உண்டாக்கிக்கொண்டோம். லத்தீனைக் கேட்காமலேயே அதே வழியில் போயிருக்கிறோம்.

ஆனால் பழங்குடிப் பெயருக்குத் தலைவன் என்பதுதான் பொருளா? இரண்டு மாற்று விளக்கங்கள் உண்டு. நாரை போன்ற ஒரு பெரிய பறவையின் பெயரிலிருந்து வந்தது, ஆதிகாலத்து மக்களின் தலைவனாக அந்தப் பறவை இருந்தது என்பது ஒன்று. மற்றது, ஒரு புழுவின் கதை.

இரண்டு சிறுவர்கள் ஆற்றில் குளித்துவிட்டு ஒரு பாறை மேல் படுத்துத் தூங்கிவிட்டார்கள். அவர்கள் தூங்கத் தூங்கப் பாறை வளர்ந்துகொண்டே போய், வானத்தை முட்டிவிட்டது. காணாமல் போன பிள்ளைகளைக் கீழே இறக்க எல்லா விலங்குகளும் கூடின. எலி ஒரு சாண் தாவியது. கரடி கொஞ்சம் கூடத் தாவியது. மலைச் சிங்கம் எல்லோரையும் விட உயரத் தாவி, மல்லாக்க விழுந்தது. கடைசியில், முதுகை வளைத்து வளைத்து அளப்பதுபோல் நகரும் சின்னப் புழு ஒன்று ஏற ஆரம்பித்தது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. அது நிற்காமல் அங்குலம் அங்குலமாக ஏறி உச்சியை அடைந்து பிள்ளைகளை இறக்கிக் கொண்டுவந்தது. அந்தப் புழுவின் பெயரே பாறைக்கும் ஆயிற்று.

அந்தப் புழு இனத்தைப் பிரெஞ்சில் 'அர்ப்பாந்தேஸ்' என்பார்கள், நிலம் அளப்பவள் என்று பொருள். சர்வேயர் புழு என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த விளக்கம் சரியானாலும், அரசாங்க வரைபடத்தில் ஏறியது கபித்தான்தான், புழு ஏறவில்லை.

பள்ளத்தாக்கு மக்களின் தலைவர் தெனாயா. படை அவருடைய மூன்று மகன்களைப் பிடித்தது. இளையவன் தப்ப முயன்றபோது சுடப்பட்டு இறந்தான். எல் கபித்தானுக்குக் கிழக்கே அடுத்தாற்போல் நிற்கும் மூன்று பாறைகளுக்கு, மூன்று பேரும் பிடிபட்டதன் நினைவாக 'மூன்று சகோதரர்கள்' என்று பெயர் வைத்தார்கள். மேலே மலையிலுள்ள ஏரிக்குத் தெனாயாவின் பெயரையே வைக்கப் போவதாகப் பனல் அவரிடம் பெருமையாகச் சொன்னார். அந்த ஏரிக்கு ஏற்கெனவே பெயர் இருக்கிறதே என்று கிழவர் பதில் சொன்னார். இதைப் பனலே தம் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். ஏரி இன்றும் தெனாயா ஏரிதான். பெயரைக் கொடுத்து நிலத்தை எடுத்துக்கொண்டார்கள். ஈராண்டுக்குள், 1853இல், தெனாயா இறந்துபோனார்.

அதற்குப் பிறகும் அம்மக்களில் சிலர் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வந்து, விடுதிகளிலும் பூங்காவிலும் வேலை செய்து வாழ்ந்தார்கள். அவர்களுடைய கடைசிக் குடியிருப்பைப் பூங்கா நிர்வாகம் 1969இல் இடித்துத் தள்ளியது.

காட்டைக் காத்த காகிதம்

1864 ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போரின் நடுவிலே, ஜனாதிபதி லிங்கன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். யோசெமிட்டிப் பள்ளத்தாக்கும் மரிபோசா மரத்தோப்பும் பொதுமக்களின் பயனுக்காக என்றென்றும் பாதுகாக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு கலிஃபோர்னியாவுக்கு அளிக்கப்பட்டன. கார்ல்ட்டன் வாட்கின்ஸ் 1861இல் பெரிய கண்ணாடித் தகடுகளில் எடுத்த புகைப்படங்கள் அதற்கு முன்பே கிழக்கத்திய நகரங்களில் பேசப்பட்டன. எல் கபித்தானும் அந்தப் படங்களில் உண்டு. சுற்றியுள்ள மலைகள் 1890இல் தேசியப் பூங்கா ஆயின. 1906இல் பள்ளத்தாக்கும் அதனோடு சேர்ந்தது. 1984இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது.

ஏறியவர்கள்

1957 வரை அந்தச் சுவரில் ஏற முடியும் என்று யாரும் நம்பவில்லை. அந்த ஆண்டு ஜூலையில் வாரன் ஹார்டிங் என்பவர் நண்பர்களோடு ஆரம்பித்தார். இரண்டு முகங்கள் சேரும் முன்புற விளிம்புக்கு 'மூக்கு' என்று பெயர், அந்த வழியாக. கொஞ்சம் ஏறுவது, கயிற்றைக் கட்டிவிட்டு இறங்குவது, மறுபடி வந்து அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறி அதற்கு மேல் போவது. ஓரிடத்தில் பிளவுகள் கடையில் கிடைக்கும் ஆணிகளுக்கு அடங்காத அகலம். குப்பையில் கிடந்த பழைய அடுப்பின் கால்களை அறுத்து ஆணியாக அடித்தார்கள். இன்றும் அந்தப் பகுதிக்கு அடுப்புக்கால் பிளவு என்றே பெயர்.

வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தால் சாலை அடைத்துக்கொண்டது. கோடை விடுமுறைக் காலத்தில் ஏறக்கூடாது என்று பூங்கா அதிகாரிகள் தடை போட்டார்கள். அதனால் வேலை ஒன்றரை ஆண்டுக்குக் கிட்ட இழுத்தது. சுவரில் செலவிட்டது மொத்தம் 45 நாள். கடைசி இரவு, தொங்கலான ஒரு பாறையில் நெற்றி விளக்கு வெளிச்சத்தில் விடிய விடியத் துளை போட்டு 28 போல்ட்டுகளை அடித்து, 1958 நவம்பர் 12 காலையில் ஹார்டிங் உச்சிக்கு ஏறினார். உடன் ஏறியவர்கள் வேய்ன் மெரி, ஜார்ஜ் விட்மோர்.

இரண்டே ஆண்டில் ராயல் ராபின்ஸும் மூன்று தோழர்களும் அதே வழியை, இடையில் இறங்காமல், 7 நாளில் ஏறினார்கள். 1964இல் நான்கு பேர் வட அமெரிக்கச் சுவரை ஏறினார்கள். அவர்களில் ஒருவர் ஈவோன் ஷுயினார். பிரெஞ்சு பேசும் கனடாக் குடும்பத்துப் பிள்ளை. சிறுவனாகக் கலிஃபோர்னியாவுக்கு வந்தபோது ஆங்கிலம் தெரியாமல் பள்ளியில் திணறியவர். பள்ளியில் ஒரு மொழி, வெளியே வேறு மொழி என்று வளர்ந்தவர்களுக்கு அந்தச் சங்கடம் புரியும். கொல்லுப்பட்டறை வைத்து, பாறையில் அடிக்கும் எஃகு ஆணிகளைச் செய்து விற்றார். பிறகு, தான் விற்கும் ஆணிகளே கல்லைச் சிதைப்பதைக் கண்டு, அடிக்காமல் கையாலேயே செருகி எடுக்கக்கூடிய கருவிகளுக்கு மாறினார். 1972இல் தம் விலைப்பட்டியலிலேயே ஆணிகளுக்கு எதிராக எழுதினார். பிழைப்பைத் தரும் சரக்கையே வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? படகோனியா என்ற ஆடை நிறுவனம் அவர் தொடங்கியதே. 2022இல் அதையும் சுற்றுச்சூழல் காப்புக்கு எழுதி வைத்துவிட்டார்.

அதற்குப் பின் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 1975இல் மூக்கு வழியை ஒரே நாளில் மூன்று பேர் முடித்தார்கள். 1993இல் லின் ஹில் என்ற பெண்மணி, கயிற்றைப் பாதுகாப்புக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கையும் காலும் மட்டுமே ஊன்றி அதை ஏறினார். அதுவரை எந்த ஆணும் செய்யாத காரியம். மறு ஆண்டு அதையே ஒரு நாளைக்குள் செய்து காட்டினார். 2015 ஜனவரியில் டாமி கால்ட்வெல், கெவின் ஜார்ஜெசன் இருவரும் 'விடியல் சுவர்' எனப்படும் வழவழப்பான முகத்தை 19 நாளில் அதே முறையில் ஏறினார்கள். கால்ட்வெல்லுக்கு இடது ஆட்காட்டி விரலில் ஒரு பகுதி கிடையாது. 2017 ஜூன் 3 அன்று அலெக்ஸ் ஹொனால்ட் கயிறே இல்லாமல் 3 மணி 56 நிமிடத்தில் உச்சியை அடைந்தார். அதைப் பற்றிய ஆவணப்படம் ஆஸ்கர் பெற்றது.

என் மனத்தில் நிற்பவர் மார்க் வெல்மன். மலையில் விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். பூங்காவில் ரேஞ்சராக வேலை பார்த்தவர். 1989இல், நண்பர் மைக் கார்பெட் முன்னால் போய்க் கயிறு கட்டித் தர, கைகளால் மட்டுமே தம்மை இழுத்து இழுத்து 7 நாளுக்கு மேல் ஏறி உச்சியைத் தொட்டார். ஓர் இழுப்புக்கு ஆறு அங்குலம்போல. அந்தப் புழுவின் கதையை இவருக்கென்றே சொல்லி வைத்தார்களோ என்று தோன்றும்.

குதித்தவர்களும் உண்டு. 1966இல் இருவர் உச்சியிலிருந்து பாரசூட்டோடு குதித்து, உயிர் தப்பி, எலும்பை உடைத்துக்கொண்டார்கள். 1980இல் பூங்கா நிர்வாகம் அனுமதிச் சீட்டுக் கொடுத்துப் பார்த்தது. விதிகள் காற்றில் பறந்ததால் சில மாதங்களிலேயே நிறுத்திவிட்டது.

உதிரும் சுவர்

இவ்வளவு உறுதியான கல்லும் உதிர்கிறது. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் இதன் ஒரு பகுதி சரிந்து பள்ளத்தாக்கின் தரை மீது வெகுதூரம் பரவியது. கற்குவியல் இன்றும் கிடக்கிறது. 2017 செப்டம்பர் 27 அன்று ஒரு பெரிய தகடு பெயர்ந்து விழுந்து, கீழே இருந்த ஒரு பிரிட்டிஷ் மலையேறி உயிரிழந்தார். மறுநாள் அதே இடத்தில் அதைவிடப் பெரிய சரிவு. கருங்கல் வெங்காயத் தோல் போல ஏடு ஏடாக உரியும் குணம் கொண்டது. யோசெமிட்டியின் வேறொரு பாறையில் கருவி வைத்து அளந்தபோது, பாதி உரிந்த ஏடு பகல் வெயிலில் விரிந்து சுவரை விட்டு ஒரு சென்டிமீட்டர் வரை விலகுவதும், இரவில் திரும்புவதும் தெரிந்தது. இந்தப் போக்குவரத்து ஆண்டுக்கணக்கில் நடந்து, ஒரு நாள் ஏடு விட்டுவிடுகிறது. மழையோ நிலநடுக்கமோ இல்லாத நாளில் பாறை விழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெயருக்கு உரிமையாளர் யார்?

பெயர் விவகாரம் 1851ஓடு முடியவில்லை. பூங்காவின் விடுதிகளை நடத்திவந்த ஒப்பந்த நிறுவனம், அங்குள்ள பழைய பெயர்கள் பலவற்றைத் தன் வணிக முத்திரையாகப் பதிவு செய்து வைத்திருந்தது. ஒப்பந்தம் வேறு நிறுவனத்துக்குப் போனபோது, பெயர்களுக்குத் தனியாகப் பணம் கேட்டது. 2016இல் அவானி விடுதி உள்ளிட்ட இடங்களின் பெயர்ப் பலகைகளையே மாற்ற வேண்டியதாயிற்று. 2019இல் சமரசம் ஏற்பட்டுப் பழைய பெயர்கள் திரும்பின. 'அவானி' என்ற சொல் விடுதிக்காரருடையதா, பூங்காவுடையதா என்று வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். அதை முதலில் சொன்ன மக்கள் வழக்கில் ஒரு தரப்பாகவே இல்லை.

இன்னொன்று. பிப்ரவரி மாதப் பின்பாதியில், எல் கபித்தானின் கிழக்கு ஓரத்தில் விழும் மெல்லிய அருவி ஒன்று மாலை வெயில் பட்டு, நெருப்பு வழிவது போலச் சிவக்கும். தண்ணீர், மேகமில்லாத வானம், சூரியனின் கோணம் மூன்றும் சேர்ந்தால் சில நிமிடம் மட்டும். அதைப் படமெடுக்கப் பெருங்கூட்டம் கூடும். 2025 பிப்ரவரி 22 அன்று அப்படிக் கூடியவர்கள், சுவரின் உச்சியில் அமெரிக்கக் கொடி தலைகீழாகத் தொங்குவதைப் பார்த்தார்கள். ஆபத்தில் இருக்கிறோம் என்பதற்கு அது அடையாளம். தேசியப் பூங்காக்களில் ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியதை எதிர்த்து, பூங்கா ஊழியர்கள் சிலரே அதை ஏற்றியிருந்தார்கள்.

வாழ்நாளை அரசு மேசையில் கழித்தவன் என்பதால் அந்தச் செய்தியை நான் சற்று நேரம் வைத்துப் படித்தேன். 10 கோடி வயதான பாறைக்கு யாருடைய காவலும் வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் வல்லூறு கூடு கட்டும் மாதங்களில் ஏறும் வழிகளை மூடுவது யார்? சுவரில் இரவு தங்குபவர்களுக்கு 2021 முதல் சீட்டு எழுதிக் கொடுப்பது யார்? கழிவைக்கூடக் கீழே போடாமல் கட்டி இறக்க வேண்டும் என்ற விதியைப் பார்த்துக்கொள்வது, மேலே சிக்கியவனைக் கயிறு விட்டு மீட்பது, எந்த ஏடு விரிகிறது என்று அளந்து குறித்து வைப்பது யார்? இதுவரை அந்தச் சுவரில் 30 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். இந்த ஊழியர்கள் இல்லாதிருந்தால் அந்தக் கணக்கு எங்கேயோ போயிருக்கும்.

ஏறியவர்களின் பெயர்கள் புத்தகங்களில் இருக்கின்றன. பாறையின் பெயர் வரைபடத்தில் இருக்கிறது. காத்தவர்களின் பெயர்கள் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருக்கும். லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தில் 'என்றென்றும்' என்ற சொல் இருக்கிறதல்லவா, அதை 160 ஆண்டுகளாக ஒவ்வொரு நாளும் நிறைவேற்றி வந்தவர்கள் அவர்கள்தான்.